வரைபடத்தைப் பி.டி.எஃப். ஆக்குதல்: உள்மாற்றியும் புறமாற்றியும்

கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டிலிருந்து ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கச் சுரங்கத் தொழிலைப் பெருமுறையில் நடத்தி வந்தனர். 1956இல் மைசூர் அரசாங்கமும், 1962இல் மத்திய அரசாங்கமும் அத்தொழிலை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாளோடு சுரங்கத் தொழில் நின்றது. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் எடுக்கப்பட்டது என்பது பலரும் அறிந்த செய்தியே. அத்தங்கத்தோடு கூடவே மற்றொரு செல்வமும் ஆண்டுதோறும் பெருகி வந்தது. அது சுரங்க வரைபடங்களின் தொகுதியாகும்.

சுரங்க வரைபடம் என்பது நிலத்தடியின் கணக்கு ஏடு போன்றது. 'ஷாஃப்ட்' எனப்படும் செங்குத்து வழி எங்கே இறங்குகிறது, 'லெவல்' எனப்படும் கிடைவழிகள் எத்திசையில் எவ்வளவு தூரம் செல்கின்றன, தாது எடுக்கப்பட்டபின் எஞ்சிய வெற்றிடங்கள் யாவை என்பனவற்றை அது காட்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டரையும் கடந்தது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் அது ஒன்றாக எண்ணப்பட்டது. தொழில் நின்று, நீர் இறைத்தலும் நின்றபின், ஆழ்நிலைகளை நீர் நிரப்பியது. ஆகவே, அவ்விடங்களில் இறங்கி மறுபடி அளந்து பார்ப்பது இயலாத செயல். மேற்பரப்பில் உள்ள ஒரு கட்டடத்தின் படம் பிழையாயின் கட்டடத்தை அளந்து திருத்தலாம். நீரில் மூழ்கிய சுரங்கத்தின் படம் பிழையாயின் திருத்துவதற்கு வேறு சான்று இல்லை. படமே எஞ்சிய சாட்சி.

அச்சாட்சி பிறழ்ந்தால் விளைவது யாது என்பதை அமெரிக்க நாட்டின் நிகழ்ச்சி ஒன்று காட்டுகிறது. 2002ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தின் குவீக்ரீக் நிலக்கரிச் சுரங்கத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தோர், பக்கத்தில் கைவிடப்பட்டிருந்த சாக்ஸ்மன் சுரங்கத்தின் சுவரை உடைத்துவிட்டனர். அங்கு தேங்கியிருந்த நீர் உள்ளே பாய்ந்தது. பழைய சுரங்கம் இன்னும் வெகு தொலைவில் இருப்பதாக அவர்கள் கையிலிருந்த படம் காட்டியது. ஆனால், அது அச்சுரங்கத்தின் இறுதிப் படம் அன்று. நிலத்தடியில் சிக்கிய ஒன்பது தொழிலாளரும் மூன்று நாட்களுக்கு மேல் தவித்தபின், ஜூலை 28ஆம் நாள் உயிருடன் மீட்கப்பட்டனர். இங்கு நேர்ந்தது கோப்பு மாற்றத்தால் வந்த பிழை அன்று. எனினும், ஒரு படத்தை நம்பி மண்ணில் கை வைப்போர் எவ்வளவு பெரிய பொறுப்பை அப்படத்தின்மேல் சுமத்துகின்றனர் என்பதை இது தெளிவாக உணர்த்தும்.

இக்காலத்தில் பழைய தாள் வரைபடங்கள் ஒளிவருடப்பட்டு, கணிப்பொறியில் மறுபடி வரையப்பட்டு, பின்னர்ப் பி.டி.எஃப். கோப்புகளாகக் களப்பணியாளருக்கு அனுப்பப்படுகின்றன. இவற்றுள் இறுதிப் படியை ஒரு பொத்தானை அழுத்தும் வேலையாகவே பலர் கருதுகின்றனர். வரைவு மென்பொருளில் உள்ள கருவியால் மாற்றினும், வேறு நிறுவனத்தின் கருவியால் மாற்றினும் பயன் ஒன்றே என்ற எண்ணமும் பரவலாக உண்டு. அது சரியன்று. இவ்விரு வகைக் கருவிகளின் வேறுபாட்டையும், எதனைப் பயன்படுத்தினும் செய்ய வேண்டிய சோதனையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரைவும் கோப்பும்

கணிப்பொறி உதவியால் வரையும் முறையைக் 'கேட்' என்பர். இம்முறையில் மிகவும் பரவிய மென்பொருளாகிய ஆட்டோகேட், 1982ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதலாக வெளிவந்தது. அதன் கோப்பு டி.டபிள்யூ.ஜி. எனப்படும். அதில் ஒரு கோடு, அதன் இரு முனைகளின் ஆயத்தொலைகளாகச் சேமிக்கப்படும். ஒரு வட்டம், மையமும் ஆரமுமாகச் சேமிக்கப்படும். ஒவ்வொன்றும் எந்த அடுக்கைச் சேர்ந்தது, எந்நிறம், எத்துணைத் தடிமன் என்பனவும் உடன் குறிக்கப்படும்.

பி.டி.எஃப். என்பது 1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட வடிவமாகும். 2008இல் அது ஐ.எஸ்.ஓ. 32000 என்னும் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. எந்தக் கணிப்பொறியில் திறந்தாலும் பக்கம் ஒரே தோற்றத்துடன் விளங்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை நோக்கம். டி.டபிள்யூ.ஜி. கோப்பு வரைவதற்கு உரியது; பி.டி.எஃப். கோப்பு பார்ப்பதற்கும் அச்சிடுவதற்கும் உரியது. ஆகவே, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது சில செய்திகள் உடன் செல்லும், சில உதிர்ந்துவிடும். எவை உதிர்கின்றன என்பதிலேயே கருவிகளின் வேறுபாடு அடங்கியுள்ளது.

பி.டி.எஃப். பக்கத்தில் படம் இரு வகையில் அமையலாம். கோடுகள் கோடுகளாகவே, முனைகளின் இடங்களோடு எழுதப்பட்டால் அதனைக் கோட்டுரு என்போம். பக்கம் முழுவதும் சிறு சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டமும் ஒரு புள்ளியாக நிறம் பெற்றால் அதனைப் புள்ளியுரு என்போம். கோட்டுருவை எவ்வளவு பெருக்கிப் பார்த்தாலும் கோடு கூர்மை குன்றாது. புள்ளியுருவைப் பெருக்கினால் படிக்கட்டு போன்ற விளிம்பு தோன்றும். ஒளிப்படத்திற்குப் புள்ளியுரு பொருந்தும்; வரைபடத்திற்குக் கோட்டுருவே பொருந்தும்.

இதனை ஒரு கணக்கால் அறியலாம். ஓர் அங்குலத்திற்கு 200 புள்ளிகள் வீதம் அமைந்த புள்ளியுருவில் ஒரு புள்ளியின் அகலம் 0.127 மில்லிமீட்டர் ஆகும். 0.18 மில்லிமீட்டர்த் தடிமனுள்ள கோடு ஏறத்தாழ ஒன்றரைப் புள்ளி இடத்தையும், 0.25 மில்லிமீட்டர்க் கோடு இரண்டு புள்ளி இடத்தையும் வேண்டும். அரைப்புள்ளி என்பது இல்லையாதலால், மெல்லிய கோடு ஓரிடத்தில் ஒரு புள்ளியாகவும் மற்றோரிடத்தில் இரு புள்ளிகளாகவும் அமையும். விளைவாக, இருவகைக் கோடுகளையும் பிரித்தறிதல் கடினமாகும். சுரங்கப் படத்தில் ஒரு கோடு அளந்தறிந்த எல்லையையும், மற்றொரு கோடு ஊகித்த எல்லையையும் குறிக்கக்கூடும். அவை ஒன்றாய்த் தோன்றுவது அழகுக் குறை மட்டும் அன்று, பொருட்பிழையுமாகும்.

புள்ளிகளின் தொகையைக் கூட்டினால் தெளிவு பெருகும், கோப்பும் பெருக்கும். ஏ1 தாளின் அளவு 594க்கு 841 மில்லிமீட்டர். அங்குலத்திற்கு 600 புள்ளிகள் வீதம் கணக்கிட்டால், ஒரு தாளுக்கு 14,031 பெருக்கல் 19,866, அதாவது ஏறத்தாழ 27.9 கோடிப் புள்ளிகள் தேவை. புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட் வீதம் வண்ணத்தில் சேமித்தால், சுருக்குவதற்கு முன் அது 83 கோடி பைட்டுகளைக் கடக்கும். அதே படம் கோட்டுருவாக இருப்பின் பெரும்பாலும் இதன் மிகச் சிறிய பகுதியே போதும்.

உள்மாற்றி

வரைவு மென்பொருளோடு உடன் வரும் மாற்றும் கருவியை இங்கு உள்மாற்றி எனக் குறிப்போம். ஆட்டோகேட்டில் 'டி.டபிள்யூ.ஜி. டு பி.டி.எஃப்.' என்னும் பெயருடன் அச்சுப்பொறிப் பட்டியலில் காணப்படுவது இதுவே. பல தாள்களை ஒருங்கே வெளியிடுவதற்குப் 'பப்ளிஷ்' என்னும் ஆணையும் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேகேட் முதலிய மென்பொருள்களிலும் பி.டி.எஃப். ஆக வெளியிடும் வசதி அமைந்துள்ளது. ஆட்டோகேட் இல்லாத அலுவலகத்தில், அதே நிறுவனத்தார் இலவசமாக வழங்கும் டி.டபிள்யூ.ஜி. ட்ரூவியூ என்னும் பார்வைக் கருவியைக் கொண்டும் பி.டி.எஃப். எடுக்கலாம்.

உள்மாற்றியின் தலையாய நன்மை, அது வரைவை உள்ளிருந்தே அறியும் என்பதாகும். அடுக்குகளின் பெயர், தாளின் அளவு, அளவுத்திட்டம், கோட்டின் தடிமனை வகுக்கும் அச்சுப்பாணி அட்டவணை ஆகிய யாவும் அதற்குத் தெரியும். 'அடுக்குச் செய்தியைச் சேர்க்க' என்னும் விருப்பத்தைத் தேர்ந்தால், பி.டி.எஃப். கோப்பிலும் அடுக்குகளைத் தனித்தனியே மறைக்கவும் காட்டவும் இயலும். தங்கவயல் போன்ற இடத்தில் இது பெரும் பயன் தரும். ஊரிகம், மாரிக்குப்பம் முதலிய குடியிருப்புகளின் தெருக்களை ஓர் அடுக்காகவும், நிலத்தடி வழிகளை மற்றோர் அடுக்காகவும் வைத்தால், ஒரே கோப்பில் இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம்.

உள்மாற்றிக்கும் வரம்புகள் உள. கோட்டுருவிலும் புள்ளியடர்வு என ஓர் அமைப்பு உண்டு. கோட்டின் முனை எவ்வளவு நுட்பமாக எழுதப்படும் என்பதை அது தீர்மானிக்கும். அங்குலத்திற்கு 400 என வைத்தால் ஒரு படியின் அளவு 0.0635 மில்லிமீட்டர். 1:1000 அளவுத்திட்டத்தில் அது நிலத்தில் 6.35 சென்டிமீட்டராகும், 1:10,000 அளவுத்திட்டத்தில் 63.5 சென்டிமீட்டராகும். வளைகோடுகள் முறிந்து தோன்றினால் முதலில் நோக்க வேண்டியது இவ்வமைப்பையே.

புறமாற்றிகளின் நால்வகை

பிற நிறுவனங்கள் ஆக்கிய கருவிகளைப் புறமாற்றி என்போம். அவை அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. நான்கு வகையாக அவற்றைப் பகுத்துக் காண்பது நலம்.

முதல் வகை, போலி அச்சுப்பொறி. கணிப்பொறி இதனை அச்சுப்பொறி என்றே கருதும்; ஆனால் தாளுக்குப் பதில் கோப்பு வெளிவரும். 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10 முதல் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பி.டி.எஃப்.' உடன் வருகிறது. பி.டி.எஃப். கிரியேட்டர், கியூட் பி.டி.எஃப். முதலியனவும் இவ்வகையின. இவ்வழியில் செல்வது அச்சுக்குரிய செய்தி மட்டுமே. அச்சுத்தாளுக்கு அடுக்கு என ஒன்று இல்லையாதலால், அடுக்குகள் அனைத்தும் இங்கு உதிர்ந்து ஒரே பரப்பாகிவிடும்.

இரண்டாம் வகை, வரைவு மென்பொருளின் உள்ளேயே பொருத்தப்படும் இணைப்புக் கருவி. அடோபி அக்ரோபாட்டின் பி.டி.எஃப். மேக்கரும், 2002இல் தோன்றிய புளூபீம் நிறுவனத்தின் இணைப்பும் இதற்கு எடுத்துக்காட்டு. வரைவை உள்ளிருந்து காண்பதால் இவை அடுக்குகளைக் காக்க வல்லன. பல வரைவுகளை ஒருசேர மாற்றல், முத்திரையும் குறிப்பும் இடல், இரு பதிப்புகளை ஒப்பிடல் ஆகிய வேலைகளில் இவை உள்மாற்றியை விஞ்சுவதுண்டு. விலை கொடுத்து வாங்க வேண்டியிருத்தலும், வரைவு மென்பொருளின் பதிப்பு மாறுந்தோறும் இணைப்பு இசைகிறதா என்று பார்க்க வேண்டியிருத்தலும் இவற்றின் குறைகள்.

மூன்றாம் வகை, வரைவு மென்பொருள் இல்லாமலே டி.டபிள்யூ.ஜி. கோப்பை நேரே படித்து மாற்றும் தனிக்கருவி. நான்காம் வகை, இதே பணியை வலையிணைப்பு வழியே வேறொருவரின் கணிப்பொறியில் செய்து தரும் சேவை. இவ்விரண்டிலும் ஒரு பேரிடர் ஒளிந்துள்ளது. ஒரு வரைவு பெரும்பாலும் தனித்து நிற்பதன்று. அடிப்படை வரைபடம் வேறொரு கோப்பாக இருந்து அதனோடு இணைக்கப்பட்டிருக்கும். எழுத்துருக் கோப்புகளும் அச்சுப்பாணி அட்டவணையும் தனியே இருக்கும். டி.டபிள்யூ.ஜி. கோப்பை மட்டும் அனுப்பினால் அவையாவும் பின்தங்கிவிடும். பழைய ஷாஃப்ட் வாய்கள் குறிக்கப்பட்ட படம் இணைப்புக் கோப்பாக இருப்பின், வெளிவரும் பி.டி.எஃப். கோப்பில் அவை அறவே காணப்படமாட்டா. பக்கம் தூய்மையாகவே தோன்றும். குறை உண்டென்று எந்த எச்சரிக்கையும் அதன்மேல் இராது. இதனைத் தவிர்க்க, ஆட்டோகேட்டின் 'இ-ட்ரான்ஸ்மிட்' என்னும் வசதியால் தொடர்புடைய கோப்புகள் அனைத்தையும் ஒரு கட்டாகத் திரட்டிக்கொள்ள வேண்டும்.

வலைச் சேவையில் மற்றொன்றும் கருதத்தக்கது. கோப்பு அலுவலகத்தை விட்டு வெளியே செல்கிறது. சுரங்கப் படமாயினும், தொழிற்சாலை இயந்திரப் படமாயினும், உரிய அதிகாரியின் இசைவின்றி அவ்வாறு அனுப்புதல் தகாது.

நான்கு உறுப்புகளின் ஒப்பீடு

அளவு: ஒரு வரைபடத்தின் உயிர் அதன் அளவுத்திட்டம். ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். கைவிடப்பட்ட ஷாஃப்ட் ஒன்று சாலையிலிருந்து 60 மீட்டரில் உள்ளது. ஏ1 தாளில் 1:1000 அளவுத்திட்டத்தில் அத்தொலைவு 60 மில்லிமீட்டர். மைக்ரோசாஃப்ட் போலி அச்சுப்பொறி இயல்பாகக் காட்டும் தாள்களுள் ஏ வரிசையில் மிகப் பெரியது ஏ3. ஆதலின், வரைவாளர் 'தாளுக்குப் பொருத்துக' என்பதைத் தேர்ந்து மாற்றுகிறார். ஏ1 தாள் ஏ3 ஆகும்போது நீளங்கள் யாவும் பாதியாகும். தலைப்புக் கட்டத்தில் 1:1000 என்ற எழுத்து மாறாமல் நிற்கிறது. ஆனால் உண்மை அளவுத்திட்டம் 1:2000 ஆகிவிட்டது. வேலி அமைக்கச் சென்ற களப்பணியாளர் அளவுகோலை வைத்து 30 மில்லிமீட்டர் எனக் கண்டு, சாலையிலிருந்து 30 மீட்டரில் குறியிடுகிறார். வேலி ஓரிடத்தில் எழும். ஷாஃப்ட் வாய் முட்புதரின் மறைவில் மற்றோரிடத்தில் திறந்து கிடக்கும்.

பாதியாகச் சுருங்கியதைக் கூர்ந்து நோக்குவோர் கண்டுகொள்வர். சிறு சுருக்கமே பெரிதும் ஏமாற்றும். ஏ3 தாளின் அகலமாகிய 297 மில்லிமீட்டரில் இருபுறமும் 5 மில்லிமீட்டர் ஓரம் விட்டு அச்சுப்பொறி படத்தைப் பொருத்தினால், 287 மில்லிமீட்டரே எஞ்சும். நூறு மீட்டர் 96.6 மீட்டராகக் காணப்படும். இப்பிழை மாற்றும்போது மட்டுமன்றி, நல்ல பி.டி.எஃப். கோப்பை அச்சிடும்போதும் நேரலாம். ஆகவே அச்சிடுவோர் 'உண்மை அளவு' என்பதையே தேர்தல் வேண்டும்.

தங்கவயலுக்கே உரிய இரு நுட்பங்களையும் இங்கு கூறுதல் தகும். மெட்ரிக் முறை இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட படங்கள் அடிக்கணக்கில் அமைந்தவை. ஓர் அங்குலத்திற்கு 100 அடி என்பது 1:1200 ஆகும். அதனை 1:1000 அளவுகோலால் அளந்தால், உண்மையில் 120 மீட்டர் உள்ள தொலைவு 100 மீட்டராகத் தோன்றும். இரண்டாவது, ஆழம் பற்றியது. பி.டி.எஃப். பக்கத்தின் அலகு அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. அடோபியின் வாசிப்புக் கருவிகள் வழக்கமாக ஏற்கும் பக்க எல்லை 14,400 அலகு, அதாவது 200 அங்குலம் அல்லது 5.08 மீட்டர். 3.2 கிலோமீட்டர் ஆழத்தைக் காட்டும் நெடுவெட்டுப் படம் 1:1000இல் 3.2 மீட்டர் நீளமாகி இவ்வெல்லைக்குள் அடங்கும், 1:500இல் 6.4 மீட்டராகி எல்லையைக் கடக்கும். பி.டி.எஃப். 1.6 பதிப்பிலிருந்து அலகைப் பெரிதாக்கும் வழி உண்டெனினும், எல்லாக் கருவிகளும் அதனைக் கையாளும் என்று கொள்ளலாகாது. இத்தகைய படத்தைப் பல தாள்களாகப் பகுப்பதே நன்று.

கோடு: உள்மாற்றியும் இணைப்புக் கருவியும் அச்சுப்பாணி அட்டவணையை மதித்துத் தடிமனைக் காக்கும். போலி அச்சுப்பொறி பெரும்பாலும் கோட்டுருவையே தரும். ஆயினும் ஊடுருவித் தெரியும் நிறங்கள் படத்தில் இருப்பின், சில வேளைகளில் பக்கம் முழுவதும் புள்ளியுருவாகிவிடும். தனிக்கருவியும் வலைச் சேவையும் அட்டவணை கிட்டாதபோது எல்லாக் கோடுகளையும் ஒரே தடிமனில் இடக்கூடும்.

எழுத்து: ஆட்டோகேட்டின் பழைய எஸ்.எச்.எக்ஸ். எழுத்துருக்கள் பேனாவின் அசைவுகளால் ஆனவை, பி.டி.எஃப். கோப்பில் அவை எழுத்தாக அன்றிக் கோடுகளாகவே சென்று சேரும். கண்ணுக்கு எழுத்தாகத் தெரியினும், ஒரு ஷாஃப்டின் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஆட்டோகேட் 2016 பதிப்பிலிருந்து, அவ்வெழுத்துகளை மறைகுறிப்பாகச் சேர்த்துத் தேடுவதற்கு உதவும் வழி உள்மாற்றியில் அமைந்தது. ட்ரூடைப் எழுத்துருவாயின் எழுத்து எழுத்தாகவே செல்லும். தமிழ், கன்னடப் பெயர்களுக்குத் தனிக்கவனம் வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே இருக்கும். யூனிகோடு எழுத்துருவாயினும் மாற்றத்தில் எழுத்துகள் இடம் மாறலாம். ஓர் ஊர்ப்பெயரைப் பி.டி.எஃப். கோப்பிலிருந்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்ப்பதே எளிய சோதனை.

நிலைப்பு: நெடுங்காலம் காக்க வேண்டிய கோப்புகளுக்குப் பி.டி.எஃப்.–ஏ என்னும் தனித்தரம் 2005இல் ஐ.எஸ்.ஓ. 19005 என வகுக்கப்பட்டது. எழுத்துருக்கள் அனைத்தும் கோப்பினுள்ளேயே அடங்கியிருக்க வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. அதன் முதற்பகுதி அடுக்குகளை ஏற்பதில்லை. 2011இல் வெளிவந்த இரண்டாம் பகுதி ஏற்கிறது. ஆகவே, அடுக்குகளோடு காக்க விரும்புவோர் இரண்டாம் பகுதியைத் தேர்தல் வேண்டும். இவ்வகைக் கோப்பாக மாற்றுவதற்கும் சரிபார்ப்பதற்கும் அக்ரோபாட் போன்ற புறமாற்றி பயன்படும்; சரிபார்த்தலுக்கு மட்டும் வெராபி.டி.எஃப். என்னும் இலவசக் கருவியும் உண்டு. எனினும், பி.டி.எஃப். கோப்பு மூலவரைவுக்கு ஈடாகாது. ஆட்டோகேட் 2017 முதல் பி.டி.எஃப். கோப்பிலிருந்து கோடுகளை மீட்கும் வசதி உளது. கோட்டுருவாயின் கோடுகள் கிட்டும், புள்ளியுருவாயின் வெறும் படமே கிட்டும். ஆதலின், டி.டபிள்யூ.ஜி. கோப்பையும், அதற்கு முந்திய தாள் படத்தையும் ஒருபோதும் கழித்துவிடலாகாது.

சோதனை முறை

எந்தக் கருவியாயினும் கீழ்க்காணும் சோதனையைச் செய்தபின்னரே கோப்பைக் களத்திற்கு அனுப்புக.

1. தாளின் ஒரு மூலையில் 100 மில்லிமீட்டர்ப் பக்கமுள்ள சதுரம் ஒன்றையும், படத்தில் மீட்டரிலும் அடியிலும் குறித்த அளவுக்கோட்டையும் வரைக. படம் சுருங்கினால் அளவுக்கோடும் உடன் சுருங்கும். ஆகவே, தலைப்புக் கட்டத்தின் எழுத்து பொய்த்தாலும் அளவுக்கோடு பொய்க்காது.

2. கோப்பை மாற்றியபின் அச்சிட்டு, சதுரத்தின் இரு பக்கங்களையும் எஃகு அளவுகோலால் அளக்க. இரண்டும் 100 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வேறுபடின் தாள் ஒரு திசையில் நீண்டது அல்லது சுருங்கியது எனக் கொள்க.

3. திரையில் பதினாறு மடங்கு பெருக்கி நோக்குக. விளிம்பு படிக்கட்டாகத் தோன்றினால் அது புள்ளியுரு.

4. தெரிந்த பெயர் ஒன்றைத் தேடுக.

5. மூல வரைவில் உள்ள ஷாஃப்ட் குறிகளை எண்ணுக, பி.டி.எஃப். பக்கத்திலும் எண்ணுக. இரு தொகையும் ஒத்திருத்தல் வேண்டும். விடுபட்ட இணைப்புக் கோப்பைக் காட்டிக்கொடுப்பது இவ்வெண்ணிக்கையே.

எதற்கு எது?

ஒன்றிரண்டு தாள்களை அளவு பிறழாமல் களத்திற்கு அனுப்புவதற்கு உள்மாற்றியே போதும். அதற்கெனப் பொருள் செலவிட வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான தாள்களை ஒருசேர மாற்றவும், குறிப்புகள் இட்டுப் பலர் பார்வைக்கு அனுப்பவும் இணைப்புக் கருவி ஏற்றது. ஆவணக் காப்புக்குப் பி.டி.எஃப்.–ஏ தரவல்ல கருவி வேண்டும். போலி அச்சுப்பொறி, அளவெடுக்கத் தேவையில்லாத விளக்கப் படங்களுக்கு உதவும். அத்தகைய தாளில் 'அளந்து பயன்படுத்தற்கு அன்று' என எழுதிவிடுதல் நலம். வலைச் சேவை, வெளியிடத் தடையில்லாத மாதிரிப் படங்களை வகுப்பறையில் பயில்வதற்கு மட்டுமே தக்கது.

ஆசிரியர்கள் ஒரே வரைவை மூன்று கருவிகளால் மாற்றச் செய்து, மேற்கூறிய ஐந்து சோதனைகளின் விடையையும் மாணவரைக் கொண்டே அட்டவணையாக எழுதுவிக்கலாம். கருவியின் பெயரை நம்புவதைவிடத் தன் கையிலுள்ள அளவுகோலை நம்பும் பழக்கம் அதனால் வேரூன்றும். நிலத்தடியை மீண்டும் காண இயலாத ஓர் ஊரில் அப்பழக்கம் உயிர்காக்கும் பழக்கமாகும்.

பயிற்சி

1. 1:500 எனக் குறித்த ஏ1 படம் ஏ3 ஆகச் சுருக்கப்பட்டது. அதில் 42 மில்லிமீட்டராக அளந்த தொலைவின் உண்மை அளவு யாது?

2. ஓர் அங்குலத்திற்கு 50 அடி என்பதை விகிதமாக எழுதுக.

3. 1:1000 படத்தின் சோதனைச் சதுரம் 97 மில்லிமீட்டராக உள்ளது. அப்படத்தில் 58.2 மில்லிமீட்டராகக் காணும் தொலைவு உண்மையில் எவ்வளவு?

4. போலி அச்சுப்பொறியின் வழியே மாற்றிய கோப்பில் அடுக்குகள் இல்லாமற் போவதற்குக் காரணம் கூறுக.

விடைகள்: (1) 42 மீட்டர். (2) 1:600. (3) 60 மீட்டர். (4) அச்சுவழியில் அச்சுக்குரிய செய்தி மட்டுமே செல்கிறது. அச்சுத்தாளுக்கு அடுக்கு என ஒன்று இல்லை.